கோச்சோ பெயர் இல்லாத சுருள்

இயக்குநர் கோச்சோவின் ஏழு படங்களையும் வெட்டி ஒட்டியவள் நான், வித்தோரே. கம்யூனிஸ்ட் அல்பேனியாவின் தலைநகர் திரானாவிலேயே அவரைப் போல விவரமான ஆள் கிடையாது. அவரைப் போல பயந்த ஆளும் கிடையாது. முதல் படம் முடிந்த வாரம் அதில் நடித்த ஒருவர் கைதானார். கைதானவர் முகம் திரையில் தெரியக் கூடாது என்பதால் படமே பெட்டிக்குள் முடங்கியது. அதிலிருந்து கோச்சோ ஒவ்வொரு காட்சியையும், ஒவ்வொரு நடிகராக விலக்கிவிட்டு, மறுபடி எடுத்து மாற்றாக வைத்தார்; யார் கைதானாலும் படம் தப்பிக்கும்.

"நான் இல்லாமலும் எடுத்தாச்சா, தோழர்? அப்ப நான் நிம்மதியா ஜெயிலுக்குப் போலாம்" என்று நடிகர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

ஏழாவது படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடும் சுருளைத் தேடியபோது, என் அலமாரியில் வேறொரு டப்பாவைத் திறந்துவிட்டார். அதற்குள்ளும் ஒரு பெயர்ச் சுருள். எல்லார் பெயரும் இருந்தது, அவர் பெயரைத் தவிர.

"வித்தோரே, என்ன இது?"

"எல்லாத்துக்கும் மாத்து இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க, தோழர். ரெண்டாவது படத்துலேர்ந்து ஆறு படத்துக்கும் எடுத்து வெச்சிருக்கேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ சுருளை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என் பேர் இருந்த எடம் காலியா தெரியுது. கீழ இருக்கிற உன் பேரை மேல ஏத்தி, இன்னொரு தடவை எடு."