கம்ப்யூட்டரில் ஒரே வள்ளி

ஃப்ளாப்பியில் புராஜெக்டைக் கொடுத்த காலம் அது. திருத்தணி அருகே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படித்தேன். நான் செய்த நூலக புரோகிராமை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தோழி கிரிஜா செய்ததை, ஹால் டிக்கெட் அச்சடிக்க அலுவலகமே எடுத்துக்கொண்டது. எல்லோரிடமும் எரிந்து விழும் கிளார்க், அவளுக்கு நாற்காலி போட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அலுவலகத்தில் போடுவதற்கு முன், "ஒரு தடவ பாத்து சொல்லுடி" என்று என்னிடம்தான் முதலில் காட்டினாள். பார்த்ததுமே தவறு தெரிந்தது. மாணவர்களைப் பதிவு எண்ணை வைத்துப் பிரிக்காமல், இனிஷியலோடு சேர்ந்த பெயரை வைத்துப் பிரித்திருந்தாள். முருகன் மலையடிவாரத்தில் வகுப்புக்கு நாலு வள்ளி, நாலு தணிகைவேல் இருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாக இருந்தால், இருவரை ஒருவராகவே எடுத்துக்கொள்ளும். "நல்லாத்தான் கீது" என்றேன். அலுவலகத்தில் திட்டு வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் ஹால் டிக்கெட் வாங்கப் போய், "எம்.வள்ளி" என்றேன்.

"எம்.வள்ளி வாங்கினு போயிட்டாங்களே" என்றார் கிளார்க்.

"அது காமர்ஸ் வள்ளிங்க. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"கம்ப்யூட்டர்ல ஒரு வள்ளிதாம்மா கீது."

பொறாமையில் என் பெயரே எனக்கு மறந்துபோயிருந்தது.

கிரிஜா ஓடிவந்து, ஒரு மணி நேரத்தில் சரிசெய்து, என் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்த வேகத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன் என்றால் பாருங்கள். "உன் பேரே வள்ளி. உனக்காவது தோணக் கூடாதாடி?" என்றாள்.

இப்போது மென்பொருளைச் சோதிப்பதுதான் என் வேலை. யார் செய்ததாக இருந்தாலும் முதலில் 'எம்.வள்ளி' என்று இரண்டு முறை பதிந்து பார்க்கிறேன். தவறு இருந்தால் அன்றே சொல்லிவிடுகிறேன். அவள் தவறை முதலிலேயே பார்த்துவிட்டதைக் கிரிஜாவிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. அவளும் இந்த இதழைத்தான் வாங்குகிறாள்.