பார்வை வராமலே செலுத்திய பொருத்தனை

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று தென்காசி வேதக்கோயிலில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். ஜெபித்துக் காத்திருந்த அப்பாவின் பார்வை மட்டும் வந்திருக்கவில்லை.

அம்மை போட்டதில் போன கண் அது. பார்வை திரும்பினால் எங்கள் ஒரே கறவை ஆட்டைக் காணிக்கையாகக் கொடுப்பதாக ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை பண்ணியிருந்தார். திரும்பவில்லை. ஆகவே ஆட்டை விற்று என் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டிவிடலாம் என்று நம்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலையில் அவர் ஆட்டையும் பிடித்து வரச் சொன்னபோது, ஆராதனை முடிந்து சந்தைக்குப் போகத்தான் என்று நினைத்தேன்.

காணிக்கை நேரம். எல்லாரும் பூசணியும் வாழைத்தாருமாக முன்னே போனார்கள்.

“ஏலே, ஆட்டை அவுத்துட்டு வா” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கண்ணுதான் வரலையேப்பா.”

“பய சரியாத்தான கேக்கான்” என்றார் பின்னாலிருந்த அண்ணாச்சி ஒருவர்.

அப்பா திரும்பவில்லை. “இது என்ன சந்தையாலே, சரக்கு வந்தாத்தான் துட்டுன்னு சொல்லுததுக்கு?”

என் தோளைப் பிடித்தபடி நடந்தார். நான் கயிற்றைப் பிடித்து ஆட்டை இழுத்துக்கொண்டு முன்னே போனேன். கேட்டது கிடைக்காமலும் ஒருவர் நன்றி செலுத்துவார் என்று நான் எங்கும் படித்ததில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விடவில்லை.

மாலையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது யாரோ ஆட்டை எடுத்தார்கள். எங்களுக்கு ஆன செலவு ஓர் ஆடும், என் படிப்பில் ஒரு வருஷமும்.