சப்பை மூக்குக்காரிக்குப் பால்சுறா

பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியம் சமைக்க ராயபுரத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையால் சுறாப் புட்டு தின்றும் பால் சுரக்கவில்லை என்று ஒருத்தியும் சொன்னது கிடையாது. வெள்ளைக்காரன் போய்க் கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரத் துரை வீட்டு பட்லர், ரிக்‌ஷாவோடு வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, எங்க வூட்ல வயித்தக் கிழிச்சுப் பிரசவம். ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. நீதான் வரணும்."

"துரைசானிக்கா?"

"வந்து பாருக்கா."

போகிற வழியில் கடலோரத்தில் இறங்கி நல்ல பால்சுறாவாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன். வீட்டுப் பின்கட்டில் ஒரு கோணிமேல் படுத்திருந்தது நாய். சப்பை மூக்கு, சட்டி மாதிரித் தலை, வயிற்றைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. பக்கத்துக் கூடையில் நாலு குட்டிகள் முனகிக்கொண்டிருந்தன.

"அடப்பாவி, நாய்க்கா என்னிய இட்டாந்தே?"

"முன்னாடியே சொன்னா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். பட்லர் பின்னாலேயே வந்தான். ஊசி போட்டுத் தூங்கவைத்துக் குட்டிகளை எடுத்தார்களாம். கண் விழித்ததிலிருந்து அவற்றைக் கிட்டே விட்டால் கடிக்க வருகிறதாம். புட்டிப் பால் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கக்குகின்றன. "தாய்ப் பால் இல்லாங்காட்டி நாலும் பூடும்க்கா" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் பிள்ளை எடுக்கப்பட்ட ஒருத்தி, பக்கத்தில் கிடத்தின குழந்தையைப் பார்த்து "இது யாரு புள்ளை?" என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறங்கின படியில் திரும்ப ஏறினேன்.

பூண்டு, வெங்காயம், மிளகாய் எதுவும் ஆகாது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீரும் நிறையக் காட்ட வேண்டுமாம். பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் எங்கள் வழக்கம். இருந்தாலும் அறுத்தவர் பேச்சைக் கேட்டேன். சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, குழைந்த சோற்றில் பிசைந்தேன். வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

தட்டை வைத்தால் மோந்துகூடப் பார்க்கவில்லை. சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வாயருகே பிடித்துக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போன பிறகு ஒன்றை நக்கியது. அப்புறம் இன்னொன்று. வாய் சோற்றில் இருக்கும்போது, தையலில் படாமல் குட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். பட்லர் அப்படியே பிடித்தான். அவை சப்பின. உருண்டை நின்றால் அது தலையைத் திருப்பிப் பல்லைக் காட்டும். குட்டிகளை உடனே கூடைக்கு எடுத்துவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் உருண்டை, மறுபடியும் குட்டிகள்.

மறுநாள் சுறா வாங்கப் போனபோது மீன்காரி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே, நாய்க்குப் பத்தியமாமே! தொட்டில் என்னிக்குப் போடப் போறே?"

"உன்னியத்தான் மொதல்ல கூப்புடுவேன். வெறுங்கையோட வராதே."

பால் இறங்கிவிட்டது. குட்டிகளின் வயிறு உருண்டது. ஆனாலும் சோறு முடிந்ததும் பல்லைக் காட்டுவது போகவில்லை. நான் என்றைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியுமா? அந்தக் கவலைதான் எனக்கு.

ஒரு மத்தியானம் ஊட்டிக்கொண்டிருந்தேன். பால் குடித்துக்கொண்டிருந்த ஒரு குட்டி நழுவிக் கோணிக்கு வெளியே தரையில் விழுந்து கத்தியது. பட்லர் எடுக்கப் போனான். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். சப்பை மூக்குக்காரி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். கழுத்தை நீட்டி, குட்டியை வாயால் மெல்ல இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, தலையிலிருந்து வால்வரை நக்க ஆரம்பித்தாள். பிறகு அடுத்ததை நக்கினாள்.

அவளுக்காக உருட்டின சோறு என் கையிலேயே இருந்தது. மெதுவாகத் தின்னட்டும் என்று அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.