திறந்ததும் திரும்பிக்கொள்கிறவர்

பூட்டு 'டக்'கென்று விட்டுக்கொடுத்த பிறகு அவர் கதவைத் தள்ளமாட்டார். கருவிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். “நீங்க தள்ளுங்க. என் வேலை வெளியிலயே முடிஞ்சுது.” அலமாரியோ பெட்டியோ, எதுவானாலும் இதே கதைதான். உள்ளே இருந்தது தங்கமா தகரமா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

கடைவீதி முனையில் ஓர் ஆள் அகலத்துக்கு அவர் கடை. காதுமேல் எப்போதும் ஒரு சின்ன அரம். சாவி அறுக்கும் இயந்திரம் ஓடும்போது யார் எது பேசினாலும் தலையாட்டுவார், அது நின்றதும், “இப்ப சொல்லுங்க, என்ன விஷயம்?” என்பார்.

சாவியைச் சோப்பில் பதித்தெடுத்த அச்சோடு யாராவது வந்தால் மட்டும் குரல் மாறும். போன வாரம் ஒருவர் தன் மனைவியின் அலமாரிச் சாவி என்று ஓர் அச்சை நீட்டினார்.

“அவங்கள வரச் சொல்லுங்க.”

“நான் அவ வீட்டுக்காரன்ங்க.”

“வீட்டுக்குத்தானே? அலமாரிக்கு அவங்கதான்.”

இவ்வளவு கறாரான மனிதர்தான் பெற்ற மகளின் கணினியில் உளவு நிரல் ஒன்றைப் போடவைத்தார்.

மனைவி இறந்த பிறகு, மகள் வேலைக்குப் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் 'உப்பு போதுமா'வுக்கு மேல் பேச்சு நகராது. அறைக்குள்ளிருந்து தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். யாரிடமோ மனம்விட்டுப் பேசுகிறாள், தன்னிடம் இல்லை என்பது அவரை அரித்தது. பக்கத்துக் கணினிக் கடைக்காரர், “உங்க வீடு, உங்க பொண்ணு. இதுல என்னண்ணே தப்பு?” என்றார். அவள் அலுவலகம் போயிருந்தபோது வந்து போட்டுக் கொடுத்தார்.

அன்று முதல் அவள் தட்டியதெல்லாம் அப்பாவின் கைப்பேசிக்கு வந்தது. எல்லாம் ஒரு தோழிக்கு எழுதியவை. அம்மாவின் சீப்பில் சிக்கியிருக்கும் முடியை எடுக்க மனம் வரவில்லை என்று ஒருநாள். கடையில் பார்த்த மஞ்சள் மழைக்கோட்டு பிடித்திருந்தது, ஆனால் அப்படி ஒரு நிறத்தைப் போட இன்னும் தைரியமில்லை என்று இன்னொரு நாள்.

அவர் அந்த மழைக்கோட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு கையை நுழைத்தவள் அப்படியே நின்றாள். “இதை நான் யார்கிட்டயும் வாயால சொல்லலப்பா. எழுதினேன், அவ்வளவுதான்.”

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

பிறகு அந்தக் கடைக்காரர் பிடிபட்டார். பல வீடுகளில் இதே வேலையைச் செய்திருந்தார். கணினிக்கு உரியவருக்குத் தெரியாமல் இப்படிப் போடுவது குற்றம், போடச் சொன்னவர் அப்பாவே ஆனாலும் தண்டனை உண்டு என்று விசாரிக்க வந்த பெண் அதிகாரி சொன்னார். அவளுக்குத் தெரியாமல்தான் போட்டார்களா என்று மகளிடம் கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்சுதான் போட்டாங்க மேடம்.”

சொல்லும்போது அவள் அப்பா நின்ற பக்கம் திரும்பவில்லை. மறுமாதமே தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். “நாலு திட்டு திட்டியிருக்கலாம். காப்பாத்திட்டுப் போயிட்டா,” என்பார், துடைத்த அரத்தையே மறுபடியும் துடைத்தபடி.

போன ஞாயிறு அவளே கூப்பிட்டாள். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வேண்டுமாம். இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துப்போய் மாட்டினார். தேவையே இல்லாமல் இரண்டு தடவை எண்ணெய் விட்டார். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று கைக்கு, ஒன்று தொலைந்தால் எடுக்க. மூன்றாவதைப் பிள்ளைகள் பெற்றவர்களிடம் கொடுத்துவைப்பதை அவர் எத்தனையோ வாசல்களில் பார்த்திருக்கிறார்.

மூன்றையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதில் ஒன்றைத் தனியே எடுத்து, விரல்களுக்கு நடுவே பிடித்தபடி யோசித்தாள்.

அதற்குள் அவர் பையை அள்ளிக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டிப் படிக்கட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.