சேகர் வீட்டுக் கூரைக்கு மேலே…

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு ட்ரோனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

சிரிக்காதீர்கள். கார் வாங்கினால் பொட்டு வைக்கிறோம், வாஷிங் மெஷின் வாங்கினால் பொட்டு வைக்கிறோம். ட்ரோன் மட்டும் என்ன பாவம் செய்தது?

என் தம்பி சேகர் பாயான் லெப்பாஸில் புது வீடு வாங்கியிருக்கிறான். அன்றைக்குப் புதுமனை புகுவிழா. போன வருஷம் கிள்ளானில் வீடு கட்டிய அவனுடைய சகலை, வானத்திலிருந்து எடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சேகருக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கோ, ரிட்டையர் ஆன கையோடு வாங்கிய ட்ரோனை நாலு பேர் முன்னால் பறக்கவிட வேண்டும் என்று ஆசை. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள்… கேட்க வேண்டுமா?

ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. சேகர் வீட்டு வாசலில் நின்றால், இறங்க வரும் விமானத்தின் சக்கரமே கண்ணுக்குத் தெரியும். ஏர்போர்ட் அவ்வளவு பக்கம்! எங்கள் மகள் புவனாவும் கோலாலம்பூரிலிருந்து பத்தரை மணிக்கு இறங்கும் விமானத்தில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஹோமம் முடிந்ததும் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் மனிதர். நாலு கைக்கும் நாலு பொட்டு, நெற்றிக்கு ஒன்று. ட்ரோனுக்கு நெற்றி எது? கேமராவுக்கு மேலே என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

பத்து மணிக்கு எல்லோரும் வாசலில் கூடினோம். பட்டனை அழுத்தினார். ட்ரோன் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம்!

“சந்தனம் உள்ள எறங்கிடுச்சு போல,” என்று வேட்டி நுனியால் துடைத்தார். பஞ்சால் துடைத்தார். என் பட்டுப்புடவை முந்தானையைக் கேட்டார் — கொடுப்பேனா?

ரிமோட்டில் மாட்டியிருந்த போனை எட்டிப் பார்த்தேன். விமான நிலையப் பகுதி, இங்கே பறக்கக் கூடாது என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது!

“என்னங்க, இதைப் படிச்சீங்களா?”

“கண்ணாடி கார்ல இருக்கு.”

அத்தோடு விட்டிருக்கலாம். சேகர் விட்டானா?

“மாமா, இதுக்கெல்லாம் ஒரு குறுக்கு வழி இருக்கு லா. என் கூட்டாளி செஞ்சு காட்டியிருக்கான். போனைக் குடுங்க. மேல போயி, கூரையைப் படம் எடுத்துட்டு, ரெண்டே நிமிஷத்துல எறக்கிடலாம்.”

“முன்கூட்டியே பர்மிட் வாங்கணும்டா. போலீஸ் கேஸாயிடும்,” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை யாரு பாக்கப் போறாங்க, அக்கா?”

விமானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா என்ன? நான் கேட்டு முடிப்பதற்குள் போனை என்னமோ நோண்டினான். சிவப்பு எழுத்து போய்விட்டது. விர்ரென்று இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன. குழந்தைகள் கைதட்டின. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!



“மணி பத்து இருபது! உங்க பொண்ணு மேலதான் வந்துகிட்டு இருக்கா!” என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சரியாக அந்த நேரம், காதை அடைக்கும் சத்தத்தோடு வீடுகளுக்கு மேலே ஒரு விமானம் தாழ வந்து, எங்களைக் கடந்து போனது. அவர் முகம் வெளிறிவிட்டது. இறக்கைகளை நிறுத்திவிட்டுக் குனிந்து பேட்டரியை உருவினார். கோபமும் பயமும் சேர்ந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் குணத்தைப் பாருங்கள்… சட்டம் என்றால் ‘பாத்துக்கலாம்’ என்கிறோம். சொந்தப் பிள்ளை என்றால்தான் பேட்டரியை உருவுகிறோம். நான் மட்டும் ஒழுங்கா? பர்மிட், போலீஸ் என்று இழுத்தேனே தவிர, கத்தியது என் மகளுக்காகத்தானே?

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, புவனாவிடமிருந்து போன்.

“அம்மா, திட்டாதீங்க. நல்லா தூங்கிட்டேன், பிளைட்டை விட்டுட்டேன். கூட்டாளி கார்ல வந்துகிட்டு இருக்கேன், பாதி வழி வந்தாச்சு, தாப்பா தாண்டிட்டோம். எனக்கு கேசரி எடுத்து வைங்க!”

விஷயத்தைச் சொன்னதும் வாசலில் ஒரே சிரிப்பு. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

“அலாமாக்!” என்றான் சேகர். “அப்ப அந்த பிளைட்டுல நம்ம புள்ளையே இல்லையா? மாமா, பேட்டரியைப் போடுங்க லா!”

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பேட்டரியை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“அந்த பிளைட்டுல இருந்தவங்க யாரும் கார்ல வரலையே, சேகர்.”

கல்யாணமாகி முப்பது வருஷத்தில், அவர் சொன்னதற்கு நான் மறுபேச்சுப் பேசாதது அன்றைக்குத்தான்!