பெட்டிக்குள் பேசிய செல்வின்

செத்துப்போனவன் ஸ்பீக்கர் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்து பேசுவான் என்று நான் ஒரு காலத்தில் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு மீசை நன்றாகவே முளைத்திருந்தது. சொந்தமாக மைக் செட் கடையும் இருந்தது. நேற்று வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரிலிருந்து அந்தப் பழைய தாளம் வந்தது. கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள். பாட்டு கேட்கவில்லை, தும்... ததும் என்று அடி மட்டும். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கக் கை வரவில்லை.

அந்தத் தாளத்தை எங்கள் பக்கம் கொண்டுவந்தவன் செல்வின். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரன். பாளையங்கோட்டையில் என்னோடு ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சரக்குக் கப்பலில் ஏறியவன். தொண்ணூறுகளில் கப்பல்காரர்கள் லீவுக்கு வந்தால் சென்ட்டும் சோப்பும் கொண்டுவருவார்கள். இவன் பெட்டியில் சோப்புக்கு அடியில் ஜமைக்கா நாட்டுப் பாட்டுக் கேசட். இன்றும் அந்தச் சோப்பு வாசனை வந்தால் எனக்குக் குளிக்கத் தோன்றாது, ஆடத்தான் தோன்றும்.

"அங்கன ரிக்கார்டுல ஒரு பக்கம் பாட்டுலே. மறுபக்கம் பாடுதவனை எடுத்துருவான், வெறும் தாளந்தான். ரிக்கார்டு போடுதவன் மைக்கைப் பிடிச்சு அதுக்கு மேல பேசுவான். அவன்தான் டிஜே" என்று விளக்கினான்.

களக்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். குரல் மறைந்ததும் பெண்வீட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். "என்னவே, பாடுதவன் எங்க போனான்? செட்டு படுத்துட்டா?"

செல்வின் மைக்கை என் கையில் திணித்தான். மைக் செட்காரன் வாயில் வேறென்ன வரும்? "பந்தி தயார். அனைவரும் சாப்பிட வரவும்" என்றேன். ஆட நின்ற கொஞ்சம் பேரும் இலையைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

செல்வின் மைக்கைப் பிடுங்கினான். "ஏலே, இலை எங்கயும் போவாது! பைய ஆடு, முட்டிய மடக்கி ஆடு!" என்று தாளத்தோடு தாளமாகப் பேசினான். எச்சில் கையோடு எழுந்துவந்து ஆடினார்கள். அதன்பிறகு அவன் ஊர் இளைஞர் கிளப்பில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மதியமும் எங்கள் செட்டுதான்.

ஓர் ஐப்பசியில், அவன் போன கப்பல் புயலில் காணவில்லை என்று செய்தி வந்தது. அந்த வருடம் ஆட்டம் வேண்டாம் என்றேன். அவன் தங்கை ரோஸ்லின்தான், "அண்ணனுக்குப் புடிச்சதுதானே, போடுங்கண்ணே" என்றாள். புயலுக்கு முன்பே அந்தக் கப்பலிலிருந்து இறங்கி லீவில் வந்த கூட்டாளி ஒருவன் கையில் செல்வின் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தான். தனியாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை. கூட்டத்தில் போட்டேன்.

பாட்டு முடிந்து தாளம் மட்டும் ஓடியது. பெட்டிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுவதுபோல், "ஏலே... நான் இங்கனதாம்லே இருக்கேன்... ஆடுங்கலே... வந்துருவேன்..."

ஆம்ப்ளிஃபயரைத் தாண்டிக் குதித்தேன். ஒரு செருப்பு கிளப்பில், இன்னொன்று மணலில். காயப்போட்டிருந்த வலைக்குப் பின்னால் பதுங்கி முருகனைக் கூப்பிட்டேன். கிறிஸ்தவ ஊர் என்பதால் மாதாவையும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பிவந்தால், வேறு யாரும் ஓடவே இல்லை. அவன் கூட்டாளிகள் அழுதுகொண்டே முட்டியை மடக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் பெட்டியில் காதை வைத்திருந்தாள்.

"இங்கனதான் இருக்கேங்கான்லா அண்ணே. உசுரோடதானே இருக்கான்?"

வாய்க்கு வக்கணையாகப் பேசுகிறவன் நான். அன்றைக்குக் கேசட்டைத் திருப்பி ஓட்டினேன். அதைத்தான் செய்யத் தெரிந்தது.

கேசட்டை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டேன். அடுத்த கிறிஸ்துமசுக்குப் போனபோது, "அது புயலுக்கு முந்திப் பேசுனது ரோஸ்லின்" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றாள். "கேட்டா அவன் வாரமாரி இருக்கு."

கிளப் இருந்த இடத்தில் இப்போது ஐஸ் கம்பெனி. கேசட் ஓடி ஓடித் தேய்ந்து, முதலில் குரல் போயிற்று, பிறகு தாளமும். ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. செல்வின் கப்பலில் தன் கட்டிலில் உட்கார்ந்து, தாளத்தை ஓடவிட்டு, டேப்ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்து அதற்கு மேல் பேசியிருக்கிறான். கேசட்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு அதே கப்பலில் போனான். கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை.