இன்னொருதடவைக்காரரின் வலை ஊஞ்சல்

நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழேயிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டுத்தான் அவர் உட்காருகிறார். பல் டாக்டரின் காத்திருப்பு அறையோ, சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையோ, எங்கே போனாலும் இதே கதைதான். முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். விசிறி, விளக்கு, பலகை என்று தொங்குவதையெல்லாம் ஒரு நோட்டம் விடுவார். பிறகு தலைக்கு மேல் எதுவுமில்லாத ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பார். அப்படி ஓர் இடம் அகப்படாவிட்டால் நின்றபடியே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கேறிய இரும்புக் கயிறுகளை விரலால் தடவித் தடவி, எங்கே ஓர் இழை பிய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார். வேலை முடிந்து கூட்டாளிகள் ஸ்பானர்களைப் பையில் போடும் நேரத்தில், "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பார். பார்த்து முடித்ததும் மறுபடியும் அதையே சொல்வார். கம்பெனியில் அவருக்கு 'இன்னொருதடவைக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. நிஜப் பெயர் என்ன என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் கை வைத்த ஒரு லிஃப்டும் விழுந்ததில்லை. மற்றவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்போது, "இதுவரைக்கும் விழலன்னா, இனிமேதான விழணும்?" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

இப்படி மேலே தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், கீழே நின்ற ஸ்டூலைப் பார்க்கவில்லை. அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். போன வருஷம் ஒருநாள் தன் வீட்டு ஜன்னலுக்குத் திரை மாட்ட அந்த ஸ்டூலில் ஏறினார். பின்கால் ஒன்று கழன்று மடங்கியது. மல்லாந்து விழுந்ததில் முதுகெலும்பில் விரிசல், மூன்று மாதம் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லா தேறிட்டாங்க. ஆனா இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா நடக்கறது கஷ்டம்" என்றார். தன் வாயில் தேய்ந்துபோன வார்த்தையை அவர் அன்றைக்குத்தான் அடுத்தவர் வாயில் கேட்டார்.

அந்த ஸ்டூலை அவர் தூக்கிப் போடவில்லை. கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. சில காலைகளில் அதை வெளியே இழுத்து, கழன்ற காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே தள்ளிவிடுகிறார்.

மனைவிக்குக் கட்டிலில் படுத்தால் முதுகு பொறுக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு மணி நேரம், அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் என்று புரண்டு, விடியும்போது களைத்துப் போய் எழுந்திருப்பார். ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போனபோது, இரண்டு பக்கமும் கயிறு கட்டி அங்கே தொங்கவிட்டிருந்த வலை ஊஞ்சலில் விளையாட்டாக ஏறிப் படுத்தார். படுத்தவர் மூன்று மணி நேரம் அசையவில்லை. எழுந்ததும், "முதுகு இருக்கறதே தெரியலங்க. நமக்கும் ஒண்ணு வாங்கலாம்" என்றார். டாக்டரைக் கேட்டார்கள். "தாராளமா படுக்கட்டும். விழாம பாத்துக்குங்க, அவ்வளவுதான்" என்றார் அவர்.

அந்த அவ்வளவுதானில் இவருக்கு மூன்று வாரம் போயிற்று. கடை மூடியிருக்கும் என்றார், மழை வரும் போலிருக்கிறது என்றார். சாக்குகள் தீர்ந்துபோன ஒரு சனிக்கிழமை மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார்.

கடைக்காரம்மா வகை வகையாக எடுத்து விரித்தார். நைலான் வலை, முடிச்சுப் போட்ட பருத்தி வலை, இரண்டு முனையிலும் கட்டை வைத்தது, வெறும் துணியில் தைத்தது.

"இது எவ்வளவு தாங்கும்மா?"

"ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம் சார்."

"எத்தனை பேர் படுக்கலாம்னு கேக்கல. எப்ப அறுந்துபோகும்னு கேக்கறேன்."

கடைக்காரம்மா அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். "இதுவரைக்கும் விழுந்துட்டேன்னு யாரும் வந்து சொன்னதில்ல சார்."

"எழுந்து வந்தாத்தானம்மா சொல்ல முடியும்?"

மாதிரிக்குத் தொங்கவிட்டிருந்த கட்டை வைத்ததை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். அது சட்டென்று குப்புறக் கவிழ்ந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். நைலான் உடம்பில் வரி வரியாகப் பதியும் என்று மனைவி அதை ஒதுக்கினார். பிறகு பச்சை நிறத்தில் கெட்டித் துணியில் தைத்த ஒன்றை எடுத்து, ஓரத்தைத் திருப்பி நகத்தால் கீறினார். "மூணு தையல் ஓட்டியிருக்காங்க. பிரியாது" என்றார். நூல் விஷயத்தில் மனைவி சொன்னால் சொன்னதுதான் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் மறுபேச்சுப் பேசாத இடம் அது ஒன்றுதான்.

மாட்டுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. முன்னறையின் சுவர்களை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு பக்கம் கான்கிரீட் தூண், அதில் பயமில்லை. எதிர்ப்பக்கம் செங்கல் சுவர்தான் வாய்த்தது. கட்டைவிரல் தடிமனில் போல்ட் அடித்துக் கொக்கி மாட்டினார். "இதுல உங்க லிஃப்டையே தொங்கவிடலாம்" என்று மனைவி கேலி செய்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான். அவர் தொழிலில் தொய்வுதான் எமன். கயிறு தொய்ந்தால் எங்கேயோ எதுவோ கழன்றுவிட்டது என்று அர்த்தம், உடனே லிஃப்டை நிறுத்தி ஆளை இறக்கிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில், இரண்டு பக்கச் சங்கிலியையும் கண்ணி கண்ணியாகச் சுருக்கி, ஊஞ்சலை நெஞ்சு உயரத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டினார். உள்ளே இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஐந்தை ஏற்றினார். கீழே மெத்தை, அதன்மேல் சோபா மெத்தைகள், அதற்கும் மேல் வீட்டிலிருந்த அத்தனை தலையணைகளும். மனைவி மூன்று நாள் அந்த மலையைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போய்வந்தார். எப்போது படுக்கலாம் என்று கேட்டபோதெல்லாம், "இன்னொரு தடவை பாத்துடறேன்" என்று சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இறுக்கினார்.

நான்காம் நாள் காலையில் செங்கல் சுவர்ப் பக்கம் தரையில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடந்தது. கொக்கியிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் கீழ்நோக்கி ஓடியிருந்தது. அவர் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, அப்படியே தலையணைகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். கேன்கள் இருந்த இடத்தில் மனைவியை வைத்துப் பார்த்தார். ஸ்டூல் மடங்கிய சத்தம் காதில் கேட்டது.

"கழட்டிடறேன். உன் தங்கச்சிக்கே குடுத்துடலாம். கட்டில்லயே படுத்துக்க, வலிச்சா வலிக்கட்டும்."

மனைவி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வந்து கீறலைப் பார்த்தார். பிறகு ஊஞ்சல் துணியைக் கையால் அழுத்திப் பார்த்தார். அது பலகை மாதிரி இருந்தது.

"ஏங்க, துணி காயப்போடற கொடிய இப்படியா கட்டுவாங்க? இழுத்துக் கட்டினா, ஈரத்துணியப் போட்டதும் ஆணியத்தான் புடுங்கும். கொஞ்சம் விட்டுக் கட்டுங்க."

"தொய்வு இருந்தா ஆபத்து."

"லிஃப்டுக்கு ஆபத்து. இது லிஃப்டா?"

அவருக்குக் கோபம் வந்தது. கம்பெனியிலிருந்து இழுவை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து, மனைவி சொன்னது தப்பு என்று காட்டிவிடுவதற்காகச் சங்கிலியில் மாட்டினார். ஒரே ஒரு கேனை வைத்தார். இருபது கிலோ கேனுக்கு முள் ஐம்பத்தேழு கிலோவில் நின்றது. இரண்டு பக்கமும் எட்டு எட்டுக் கண்ணி தளர்த்தினார். அதே கேன், இப்போது இருபது. இன்னொரு தடவை பார்த்தார், அதற்குப் பிறகும் ஒரு தடவை பார்த்தார். முள் மாறவில்லை. மூன்று நாளாக அந்தச் சுவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தது தன்னுடைய பயம்தான் என்று அவருக்குப் புரிந்தது. மனைவியிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கீறல் விட்ட இடத்தைக் கைவிட்டு, ஜன்னலோரத்து இன்னொரு கான்கிரீட் தூணில் புதிதாகத் துளைபோட்டார். ஊஞ்சலைத் தளர்வாக, முழங்கால் உயரத்துக்கு வயிறு தொங்கும்படி மாட்டினார். மெத்தைகளையும் தலையணைகளையும் இழுத்து வந்து அதைச் சுற்றிப் பரப்பினார். அவர் தொழிலில் ஒரு முறை உண்டு, பழுது பார்த்தவர்தான் முதலில் ஏற வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, நூறுவரை எண்ணிவிட்டு இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் மனைவி.

"தொங்குது."

பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியே மங்கலாக வந்துகொண்டிருந்தது. மனைவி முதலில் உட்கார்ந்து, பிறகு காலைத் தூக்கிக் குறுக்காகச் சாய்ந்து படுத்தார். கொக்கி ஒருமுறை கிரீச்சென்றது. அவர் பாய்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"கைய எடுங்க. நீங்க நடுங்கறது இங்க வரைக்கும் ஆடுது."

எடுத்தார்.

"இந்தத் தலையணைக் கடையையும் எடுங்க."

"அது இருக்கட்டுமே. சும்மா ஒரு…"

"கீழ பாத்தாலே விழப்போற மாதிரி இருக்கு. எனக்கு மட்டும் பயம் இருக்காதா? விழுந்தவ நானில்லையா?"

அவர் இதை யோசித்ததே இல்லை. இத்தனை மாதமும் பயம் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தலையணைகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போனார், சோபா மெத்தைகளை எடுத்தார், கடைசியில் பெரிய மெத்தையைச் சுருட்டி வெளியே இழுத்தார். பளபளவென்று வெறும் தரை தெரிந்தது.

திரும்பி வந்தபோது மனைவியின் கை ஊஞ்சலுக்கு வெளியே தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டார். அவர் இந்தத் தூணின் கொக்கியைப் பார்த்தார், அந்தத் தூணின் கொக்கியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்து, மல்லாந்து, மெல்ல மெல்ல நகர்ந்து ஊஞ்சலுக்குக் கீழே போய்ப் படுத்தார். மனைவியின் முதுகு புடைத்திருந்த பச்சைத் துணி அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது. இரண்டு கைகளையும் அதற்கு நேராக, தொடாமல், உள்ளங்கை மேலே பார்க்க விரித்து வைத்துக்கொண்டார்.